வெண்டிக்காய்த் தண்ணீர்

பேர்ணடெற்றின் கூந்தல் முழங்காலைத் தொடும். பிறந்த ஊரான பாஷையூரில் அவளுடைய பெயர் தெரியாதவர்கள்கூட அந்தக் கூந்தலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கலியாணப் பேச்சுக்காகக் கனடாவுக்கு அனுப்பிய படத்தில், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் தமக்கை யூஜினி முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, பின்னலை வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாளாம். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பது பேர்ணடெற்றுக்குப் பழமொழி இல்லை, அவளுடைய சரித்திரம். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு பிள்ளையின் தலையை எப்படிப் பராமரிப்பது என்று பாடம் எடுக்க ஒருத்தி வந்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான்.

வந்தவள் மார்வா. சென்ற் லூசியா என்ற தீவுக்காரி, கறுப்பினப் பெண். பேர்ணடெற்றின் புருஷன் றொனால்ட், அகதியாக ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், இந்த மார்வாவோடு சில வருஷம் குடும்பம் நடத்தியிருந்தான். அதில் பிறந்தவள் ஸ்டெபனி, தாயின் சுருட்டைத் தலையோடு. பிறகு ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள். கலியாணம் பேசும்போது யூஜினி இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே கலியாணத்தை முடித்தாள். பேர்ணடெற் விமானம் ஏறி ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பூசணிக்காய் சனிக்கிழமைதோறும் வந்து சோபாவில் இருந்து ரீவி பார்த்துவிட்டுப் போவதைக் கண்டாள்.

சனிக்கிழமை மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மார்வாவுக்குத் தூரத்து எட்மன்ரனில் நல்ல சம்பளத்தோடு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அடுத்த மே மாதம்வரை பிள்ளையைத் தகப்பன் வைத்திருப்பதென்று ஒழுங்கானது. பேர்ணடெற்றை யாரும் கேட்கவில்லை. றொனால்ட் பேக்கரியில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னான். சொல்லும்போது சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்வா பிள்ளையோடு ஒரு துணிப்பையும் கொண்டுவந்தாள். அதற்குள் தண்ணீர் விசிறுகிற போத்தல் ஒன்று, பல் அகன்ற பெரிய சீப்பு ஒன்று, கிறீம் டப்பா ஒன்று, எண்ணெய்ப் போத்தல் ஒன்று, சாட்டின் தொப்பி ஒன்று. பிள்ளையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிலத்தில் இருத்தி, முதலில் தண்ணீர், பிறகு கிறீம், கடைசியில் எண்ணெய், காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே கூடாது, படுக்கும்போது தொப்பி என்று சொல்லிச் சொல்லிச் செய்து காட்டினாள். விமானத்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். சீப்பு சிக்கிய இடத்தில் வெடுக்கென்று இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்டெபனியின் தோள் காதுவரை ஏறி இறங்கியது. பேர்ணடெற் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள். தானே பிள்ளையின் உயிரை எடுக்கிறாள், இதில் எனக்கு வேறு படிப்பிக்கிறாளாம் என்று நினைத்தாள். மார்வா போன கையோடு, பையைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில், நத்தார்ப் பண்டிகைச் சோடனைகளுக்குப் பின்னால் எறிந்தாள்.

பிறகு தன் முறை. நல்லெண்ணம் ஒன்றும் இல்லை, ஆனால் செய்கிற வேலையைத் திறமாகச் செய்கிறவள் அவள். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். போத்தலைச் சுடுநீரில் வைத்து உருக்கி, காய்ந்த தலையில் மண்டை மினுங்கத் தேய்ப்பாள். பல் நெருங்கிய சீப்பால் உச்சியிலிருந்து கீழே வாருவாள். இறுக்கிப் பின்னினால்தான் முடி நீளும் என்பது அவள் பிறந்து வளர்ந்த வேதம். ஆகவே பிள்ளையின் கண் இழுபடுகிற மட்டும் இறுக்கி, இரட்டைப் பின்னல் போட்டு, வெள்ளை றிபனால் மடித்துக் கட்டுவாள். சனிக்கிழமை சீயாக்காய் முழுக்கு. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எண்ணெய்தான் ஈரம். எண்ணெய் வைத்த தலை காய்ந்திருக்கும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால், மூளை பிசகியவர்கள் என்றிருப்பாள்.

ஸ்டெபனி அழவில்லை. எட்டு வயதுப் பிள்ளை அழாமலிருப்பது பேர்ணடெற்றுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நெளிந்தால், “ஆடாதை” என்பாள். வாயைத் திறந்தால், “கதைக்காதை” என்பாள். ஸ்டெபனிக்குத் தமிழ் நன்றாக விளங்கும். தகப்பனோடு தமிழில் கொஞ்சிக் கொஞ்சிக் கதைப்பாள். பேர்ணடெற்றோடு மட்டும் ஒரு சொல்லும் தமிழில் பேசியதில்லை. கேட்டதற்கு இங்கிலிஷில் பதில், அதுவும் சுவரைப் பார்த்து. அன்ரி என்று கூப்பிடச் சொல்லி றொனால்ட் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். அவள் பேர்ணடெற்றை எதுவென்றும் கூப்பிடவில்லை.

காலையில் கட்டிவிட்ட றிபனை ஸ்டெபனி பாடசாலை பஸ்ஸிலேயே அவிழ்த்து எறிந்துவிடுவாள். பின்னேரம் செத்தவீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரித் தலைவிரி கோலமாக வந்து நிற்பாள். பேர்ணடெற் மறுநாள் இன்னும் இறுக்கிக் கட்டுவாள். ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வந்த பேர்ணடெற்றிடம், ஸ்டெபனி இரண்டு விரலால் எதையோ தூக்கிக் காட்டினாள். குளியல் தொட்டியின் ஓட்டையை அடைத்திருந்த முடிப் பந்து அது. நீள நீளமான முடி, சந்தேகமில்லாமல் பேர்ணடெற்றினது. கனடாவுக்கு வந்ததிலிருந்து, ஹீற்றர்க் காற்றிலோ என்னவோ, அவளுக்கும் கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் றொனால்டுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். ஸ்டெபனி அந்தப் பந்தைக் கை கழுவுகிற தொட்டியின் விளிம்பில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். பேர்ணடெற்றுக்கு அவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல் இருந்தது.

தை முடிந்து மாசி வந்தது. ஒரு நாள் வகிடு எடுக்கும்போது பேர்ணடெற்றின் கை நின்றது. காதுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும், பின்னல் தொடங்குகிற இடத்தில், மயிரில்லாமல் வெறும் தோல் தெரிந்தது. பிடரியில் முடி அரை விரல் அளவில் முறிந்து முறிந்து நின்றது. அவள் திடுக்கிட்டுப் போனாள். பிள்ளையின் சட்டைக் கழுத்தில் ஒவ்வொரு நாளும் துகள் துகளாகக் கிடந்ததை ஊத்தை என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. சரி என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள்.

அன்றைக்கென்று றொனால்டும் கண்டுவிட்டான். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சியவன், காதுக்குப் பின்னால் விரலை வைத்தபடி அப்படியே இருந்தான். மார்வா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கும்போது, பிள்ளையின் படிப்பைக் கேட்கும் முன்னம் தலையைத்தான் கேட்பாள். அவனும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றே சொல்லி வந்திருந்தான். பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிட்டு அவன் பேர்ணடெற்றிடம் வந்தான். சத்தம் போடுகிற மனிசன் அல்ல அவன். அன்றைக்கும் போடவில்லை.

“மே மாசம் முதல்நன்மைக்கு மார்வா வருவாள். வந்து உதைக் கண்டா, பிள்ளையை இனி இந்த வாசலுக்கே விடமாட்டாள். எனக்கு இருக்கிறது உவள் ஒருத்திதான். உம்மாலை அவள் போனா, அதுக்குப் பிறகு நான் உம்மோட கதைக்க ஒண்டும் இராது.”

முதல்நன்மை என்றால் கத்தோலிக்க வீட்டில் பிள்ளைக்கு நடக்கிற முதல் பெரிய விழா. வெள்ளை உடுப்பு, முக்காடு, தலையில் பூமுடி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு. எல்லாருடைய கண்ணும் பிள்ளையின் தலையில்தான் இருக்கும். பேர்ணடெற் அன்று சமைக்கவில்லை. பயந்துபோயிருந்தாள். பயத்தோடு ஆத்திரமும் வந்தது. யாரோ பெற்ற பிள்ளையின் மயிரில் தன் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருப்பதை நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியது.

அடுத்த சனிக்கிழமை குளியலறைக் கதவு வெகுநேரமாகப் பூட்டியிருந்தது. உள்ளே உஸ், உஸ் என்று சத்தம். பேர்ணடெற் கத்தி முனையால் பூட்டைத் திருகித் திறந்தாள். ஸ்டெபனி தொட்டிக்குள் நின்று, அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த அந்தப் போத்தலால் தன் தலைக்குத் தானே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கதிரை வைத்து ஏறி எடுத்திருக்க வேண்டும். பேர்ணடெற் போத்தலைப் பறித்தாள். பிள்ளை விடவில்லை. இருவரும் இழுத்த இழுப்பில் மூடி கழன்று, தண்ணீர் முழுவதும் ஸ்டெபனியின் தலையில் கொட்டியது. வந்த கோபத்தில் பேர்ணடெற் கையில் அகப்பட்ட சீப்பை எடுத்து அந்தத் தலைக்குள் விட்டாள்.

சீப்பு போனது. எங்கும் முட்டாமல், சிக்குப்படாமல், உள்ளே போய் வெளியே வந்தது. அகப்பட்டது மார்வாவின் பெரிய சீப்பு என்பதை அவள் பிறகுதான் கவனித்தாள். நனைந்த முடி சுருள் சுருளாகத் திரண்டு, அவளுடைய விரலைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஸ்டெபனி தோளை உயர்த்தி, அடிக்குக் காத்திருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இழுப்பு வராததால் ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அந்தத் திமிர் பிடித்த மார்வா சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதைவிடப் பேர்ணடெற்றுக்குத் தலையை மொட்டையடிப்பது சுகமாக இருந்திருக்கும். ஆனால் மே மாதம் வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பையை இறக்கினாள். சீயாக்காய்ச் சரையைக் குப்பையில் போட்டாள். தண்ணீர், கிறீம், எண்ணெய் என்று அந்த வரிசையிலேயே வைத்தாள். கிறீம் ஒரு கிழமையில் முடிந்தது. அதே கிறீமை எங்கே வாங்குவது என்று மார்வாவைக் கேட்க நாக்கு வளையவில்லை. பார்ப்போம் என்று தன் சமையலறைக்குள் இறங்கினாள்.

வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினாள். முடி இளகியது. ஆனால் எத்தனை தரம் அலசியும் தவிடுபோல ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கறிமணம் என்று பகிடி பண்ணினார்கள். தயிர் பூசினாள். புளித்த மணம் இரண்டு நாள் போகவில்லை. முட்டை அடித்துப் பூசி, தெரியாத்தனமாகச் சுடுநீரில் கழுவ, முட்டை தலையிலேயே அவிந்துவிட்டது. ஒவ்வொரு நூலாக எடுத்து முடிக்கப் பின்னேரம் போய்விட்டது. ஸ்டெபனி எல்லாவற்றுக்கும் பிடிபட்ட கைதி மாதிரி அசையாமல் இருந்தாள். முட்டையன்று மட்டும், நான் என்ன சாப்பாடா என்று இங்கிலிஷில் சுவரைக் கேட்டாள்.

வெண்டிக்காய் அகப்பட்டது தற்செயலாக. வெள்ளிக்கிழமை குழம்புக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது கை வழுவழுவென்று வழுக்கியது. எத்தனை வருஷமாக வெட்டுகிறாள், அந்த வழுவழுப்பு வெறும் தொல்லை. அன்றைக்கு வெட்டுகிற கத்தியை அப்படியே வைத்துவிட்டு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். குழம்பு கிடக்கட்டும் என்று, காய் முழுவதையும் தண்ணீரில் அவித்து, துணியில் வடித்தாள். பிசின்போல் இறங்கியது. ஆறவிட்டு, இரண்டு துளி எண்ணெய் கலந்து, பகுதி பகுதியாகத் தலையில் பூசி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீப்பைக் கொண்டுபோனாள். கையால் எண்ணக்கூடிய முடிதான் சீப்பில் வந்தது. மணமும் இல்லை. அன்றிரவு றொனால்ட் பருப்பும் சோறும் தின்றான், ஏன் என்று கேட்கவில்லை.

இனிப் பின்னல். இழுக்காமல் பின்ன வேண்டும், ஆனால் நிற்க வேண்டும். பேர்ணடெற் பின்னேர வேலைக்குப் போகிற மோர்னிங்சைட் பஸ்ஸில், முன்சீற்றில் ஒரு கறுப்பினப் பெண் அநேகமாக ஒவ்வொரு நாளும் வருவாள். மண்டையோடு ஒட்டி வரிவரியாக, பாத்தி கட்டியதுபோல் பின்னியிருப்பாள். பேர்ணடெற் வேண்டுமென்றே அவளுக்குப் பின்னால் இருந்து, எந்த இடத்தில் புதுமுடி சேர்கிறது, எந்தப் புரி மேலே, எது கீழே என்று பார்த்தாள். அந்தப் பெண் ஒரு நாள் சடாரென்று திரும்பி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பேர்ணடெற் ஒன்றும் விளங்காதவள்போல ஜன்னலைப் பார்த்தாள். அடுத்த நாள் மறுபடியும் பின்னால் போய் இருந்தாள்.

மடியில் கம்பளி நூலை வைத்துப் பழகினாள். பிறகு பிள்ளையின் தலையில். வரி கோணியது, அவிழ்த்தாள். தடித்துப் போனது, அவிழ்த்தாள். முறிந்த இடங்களைத் தொடாமல் விட்டு, மிச்சத்தை இரட்டைப் புரியாக முறுக்கிப் பார்த்தாள். அதுவே நன்றாக வந்தது. சாட்டின் தொப்பி கிழிந்தபோது, தன் சாட்டின் உள்பாவாடை ஒன்றை வெட்டித் தலையணை உறை தைத்தாள். இதில் பாசம் எங்கே வந்தது என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும். பாசம் வரவில்லை. இழுத்தால் முறியும், முறிந்தால் மார்வா காண்பாள், அவ்வளவுதான். ஆனால் பயத்தில் பழகிய கை என்றாலும் பழகிய கை பழகியதுதான். சிக்கு வந்தால் அந்தக் கை தானாக நிற்கும், தண்ணீர் அடிக்கும், விரலால் பிரிக்கும். சித்திரை வர, காதுக்குப் பின்னால் பூனைமயிர்போலப் புதுமுடி அரும்பியது.

அந்த நேரத்தில்தான் யூஜினி மார்க்கம் நகரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். முதல்நன்மைச் சாப்பாடு அவளுடைய பெரிய வீட்டில்தான். வீடியோக்காரன், மூன்று தட்டுக் கேக் எல்லாம் சொல்லியாயிற்று. சமையலறை மேசையில் ஒரு பெட்டியை வைத்தாள். பெட்டியின் மேல் நேரான கூந்தலோடு ஒரு கறுப்பினச் சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். முடியை நேராக்குகிற மருந்து. பூசிக் கழுவினால் போதுமாம், பிறகு பேர்ணடெற் இந்தக் கூத்தெல்லாம் ஆடத் தேவையில்லையாம். ஸ்டெபனி அங்கேயே மேசையில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விளங்காது என்று யூஜினி நினைத்தாளோ, விளங்கினால் என்ன என்று நினைத்தாளோ தெரியாது.

“உந்தத் தலையோட கோயிலுக்குக் கொண்டுவந்தா சனம் என்ன சொல்லும்? எங்கட குடும்பத்துப் படத்திலை உது நிக்கப்போகுது, பேர்ணடெற். ஒருக்கா யோசியும்.”

பேர்ணடெற் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் ஆசை வந்தது. நேராக்கிவிட்டால் முறிந்ததும் மறைந்துவிடும், கையும் ஓய்ந்துவிடும். பிறகு யூஜினியின் முகத்தைப் பார்த்தாள். தன்னை இந்தச் சோற்றுக்குள் பூசணிக்காயோடு சேர்த்துப் புதைத்த முகம் அது. இத்தனை மாதம் வெண்டிக்காய் அவித்தது தான், பஸ்ஸில் பேச்சு வாங்கியது தான், இப்போது இவள் வந்து பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கரைத்துவிடப் போகிறாள்.

“மச்சாள், இந்தத் தலையிலை நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கட பெட்டி இதிலை பட்டா, சாப்பாட்டு வீட்டிலை வைச்சு எல்லாருக்கும் முன்னாலை கேப்பன், கலியாணம் பேசேக்கை இந்தப் பிள்ளையை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் எண்டு.”

யூஜினி பெட்டியைத் தூக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போனாள். ஸ்டெபனி பாணைத் தின்று முடித்தாள். பேர்ணடெற்றைப் பார்க்காமலே எழுந்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பேர்ணடெற் அதற்கு நன்றி எதையும் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை.

முதல்நன்மைக்கு முதல் நாள் மத்தியானம் மார்வா வந்தாள். பயணப் பெட்டியைக் கீழே வைக்கும் முன்னமே பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முறுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். ஒரு வினாடி அவளுடைய முகம் குழம்பியது, இவ்வளவு ஈரமாக, இவ்வளவு மென்மையாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லைப்போலும். பிறகு விரல் காதுக்குப் பின்னால் போனது. அங்கே நின்றது. மற்றக் காதுக்குப் போனது. பிடரிக்குப் போனது. நிமிர்ந்தபோது மார்வாவின் கண் சிவந்திருந்தது.

யார் செய்தது என்று கேட்டாள். றொனால்ட் குறுக்கே விழுந்து ஏதேதோ சொன்னான். குளிர், கம்பளித் தொப்பி, தெரியாமல் ஒன்றிரண்டு தரம் இறுக்கிப் பின்னியிருக்கலாம் என்றான். பேர்ணடெற்றுக்கு இங்கிலிஷ் அவன் நினைத்ததைவிட விளங்கும். ஒன்றிரண்டு தரம் என்ற சொல் அவளைச் சுட்டது. எதிரி முன்னால் தன்னைச் சின்னப்பிள்ளைபோல் மறைக்கிறானே என்ற ரோஷமா, செய்ததைச் செய்தேன் என்று சொல்லத் தெரியாதவளா நான் என்ற வீம்பா, அவளுக்கே தெரியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நோ. எவ்ரி டே,” என்றாள். “ட்றை ஹெயார். ஸ்மோல் சீப்பு. நான்தான்.”

மார்வா கத்தவில்லை. கத்தியிருந்தால் பேர்ணடெற்றும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், லேசாக இருந்திருக்கும். நாளைக்குக் கோயில் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மார்வா றொனால்டைப் பார்த்துச் சொன்னாள். கோடை விடுமுறைக்கு இல்லை, சனிக்கிழமைக்கு இல்லை, பார்க்க வேண்டுமென்றால் நீ என் வீட்டு வாசலுக்கு வா என்றாள். றொனால்ட் சோபாவில் இருந்தான். பேர்ணடெற்றை ஒருதரமும் பார்க்கவில்லை. அவள் மாசி மாதத்திலிருந்து பயந்த காரியம், இதோ கூடத்துக்கு நடுவில் நடந்து முடிந்துவிட்டது. பேர்ணடெற் பிடித்திருந்த கதிரையிலேயே குந்திவிட்டாள்.

நாளைய பூமுடிக்குத் தலை வாரவேண்டும். மார்வா கதிரையில் இருந்து, பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவே நிலத்தில் இருத்தினாள். கோபம், அதோடு பயணக் களைப்பு. முதல் முறுக்கை அவிழ்த்துச் சீப்பை விட்டாள். சிக்கியது. வெடுக்கென்று இழுத்தாள். ஸ்டெபனியின் தோள் காதுவரை ஏறியது. இரண்டாவது தரமும் ஏறியது.

மூன்றாவது இழுப்புக்கு ஸ்டெபனி எழும்பிவிட்டாள். தாயின் கையிலிருந்து சீப்பை மெதுவாக எடுத்தாள். குளியலறைக்குப் போய் வெண்டிக்காய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்தாள். நேரே பேர்ணடெற்றிடம் வந்து, இரண்டையும் அவளுடைய மடியில் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தாயைப் பார்த்து, அமைதியாக, பேர்ணடெற்றுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கக்கூடிய இங்கிலிஷில் சொன்னாள்:

“எனக்கு இவளைப் பிடிக்காது. ஆனால் இவள் இழுப்பதில்லை.”

மார்வா கன்னத்தில் அறை வாங்கியவள்போல இருந்தாள். கை மடியில் அப்படியே கிடந்தது. அழுதால் வெட்கக்கேடு என்று பேர்ணடெற் போத்தலை எடுத்துத் தண்ணீர் அடித்தாள். நுனியைப் பிடித்து, விரலால் பிரித்து, கீழிருந்து மேலாகச் சீப்பைக் கொண்டுபோனாள். தோள் ஏறவில்லை. மார்வா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, பொலிஸ்காரி மாதிரி ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் போத்தலை எடுத்து மணந்தாள். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள். ஓக்ரோ என்று வெண்டிக்காயைத் தன் பாஷையில் சொன்னாள், திருட்டைக் கண்டுபிடித்தவளின் குரலில். பேர்ணடெற் ஓமென்று தலையாட்டினாள்.

பாதித் தலை முடிந்திருந்தது. மார்வா தொண்டையைச் செருமினாள். றொனால்டைப் பார்க்காமல் பேர்ணடெற்றையே பார்த்து, சிரிக்காமல், ஜூலை மாதத்தில், பள்ளிக்கூட விடுமுறையில், உனக்கு வேலை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சோபாவில் றொனால்ட் நிமிர்ந்தான். பேர்ணடெற்றின் கை நின்றது. பின்னேரத்து வேலை, காலையில் வீட்டில்தான் என்று சொல்ல இங்கிலிஷில் சொல் தேடினாள். ஒன்று வந்தது, மற்றது வரவில்லை.

கீழே இருந்து, அந்த வீட்டில் பேர்ணடெற்றைப் பார்த்து முதன்முதலாகத் தமிழில், பேர்ணடெற்றினுடைய அதே பாஷையூர்க் குரலில், ஸ்டெபனி சொன்னாள்:

“கதைக்காதை. பின்னு.”